மூன்றாவது தடவை கூப்பிடும்போது

1969-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி, திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி செல்லும் சாலையோரம் இருந்த ஒரு ஜெபவீட்டில், இரண்டு நாட்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோன மில்காள் என்ற ஐந்து வயதுப் பெண் குழந்தை, அவளுடைய தகப்பன் மூன்றாவது தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். நேரில் பார்த்தவர்கள் நூறு பேருக்கு மேல்.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே தேதியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தக் கட்டிலின் மேல் வெள்ளைத் துப்பட்டியை விரிக்கப் போன மில்காள், வீட்டில் மில்கா, அப்படியே நின்றாள். கட்டிலில் ஒரு பள்ளம் இருந்தது.

வெள்ளிக்கிழமைதான் அதற்குப் புதுக் கயிறு போட்டிருந்தது. சபையைச் சேர்ந்த சின்னான் பொழுதெல்லாம் உட்கார்ந்து பின்னி, சட்டத்தில் காலை ஊன்றி இழுத்து முறுக்கேற்றியிருந்தார். விரலால் சுண்டினால் கயிறு விண்ணென்று அதிரும். அதற்குப் பிறகு யாரும் அதில் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்பது வீட்டின் கட்டளை. ஆனாலும் சுவரோரமாக, மூன்றடி நீளத்துக்கு, ஒரு சின்ன உடம்பு ஒருக்களித்துப் படுத்திருந்து எழுந்தது போலக் கயிறு தொய்ந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். வெளியே மே மாத வெயிலில் தகரக் கூரை டப்டப்பென்று வெடித்துக்கொண்டிருந்தது. கயிறு மட்டும் ஈரமாகச் சில்லிட்டிருந்தது. கையை முகர்ந்தாள். தண்ணீர் பாய்ச்சிய எலுமிச்சை மரத்தடி மண்ணின் வாசனை.

பூனை படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு துப்பட்டியை உதறி விரித்தாள். அந்த வீட்டில் பூனை கிடையாது.

வருடா வருடம் இந்தத் தேதியில் ஸ்தோத்திரக் கூட்டம் நடக்கும். கூட்டத்தில் அவள் அந்தக் கட்டிலில் படுக்க வேண்டும். தலை முதல் கால் வரை துப்பட்டி போர்த்துவார்கள். அப்பா, பாஸ்டர் தேவாசீர், அன்று செய்தது போலவே கட்டிலின் தலைமாட்டில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவள் எழுந்து உட்கார வேண்டும். கூட்டம் அல்லேலூயா என்று கதறும். பிறகு மைக் முன்னால் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். சின்ன வயதில் மைக் எட்டாது. ஸ்டூல் போட்டு ஏற்றி நிறுத்துவார்கள். பத்து வயதுக்கு மேல் ஸ்டூல் தேவைப்படவில்லை. அது இன்னும் ஜெபவீட்டு மூலையில் கிடக்கிறது.

சாட்சியின் வாசகம் மாறியதே இல்லை. "நான் செத்தேன். கறுப்பு ஏரி ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. புகை மூச்சை அடைத்தது. கையும் காலும் கரி பிடித்த மனுஷர்கள் அதைச் சுற்றி நின்றார்கள். அப்போது என் தகப்பன் சத்தம் கேட்டேன்." ஏரியையும் புகையையும் அவள்தான் சொன்னாளாம், எழுந்த மறுநாள், கஞ்சி குடிக்கும்போது. அது நரகம் என்று அப்பா விளக்கம் கொடுத்தார். ராஜபாளையம் வரை, தேனி வரை அவளைக் கூட்டிப்போய் எத்தனையோ பந்தல்களில் அதைச் சொல்லவைத்தார். சொல்லிச் சொல்லி, தான் உண்மையில் எதைப் பார்த்தோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. தார் வாசனை பட்டால் மட்டும் காரணமில்லாமல் அழுகை வரும்.

பதினேழு வயதில் அவளுக்குக் கோபம் மட்டுமே மிஞ்சியிருந்தது. அந்தச் சபையில் மருந்து கிடையாது. மாத்திரை, ஊசி, கஷாயம் எதுவும் கூடாது. விசுவாசிக்கு ஜெபமே போதும். யாராவது தயங்கினால் அப்பா அவளைத்தான் கைகாட்டுவார். "செத்த பிள்ளையை எழுப்பினவருக்கு ஒங்க பிள்ளை காய்ச்சல் பெரிசா?" போன மாதம் சின்னானின் ஆண்பிள்ளைக்கு வயிற்றால் போனது. உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிவிட்டார்கள். அப்பா போய் வண்டிக்கு முன்னால் நின்றார். கூடவே அவளையும் கூட்டிப்போயிருந்தார். அவள் எதுவும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. அவள் நின்றதே போதுமாக இருந்தது. சின்னான் மாட்டை அவிழ்த்துவிட்டார். பொழுது விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. அந்தச் சின்னான்தான் வெள்ளிக்கிழமை கூலி வாங்காமல் கட்டில் பின்னினார். "ஒன் சாட்சியக் கேட்டாத்தான் மனசு ஆறுது தங்கச்சி" என்று அவளிடம் சொன்னார்.

மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பாவிடம் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"செத்து எந்திரிச்ச புள்ள ஊசி போடப் போறதா? சபை என்னம்மா நெனைக்கும்?"

அவ்வளவுதான். அத்தோடு பேச்சு முடிந்தது. அன்று முடிவு செய்தாள். இந்த வருடம் எழுந்திருக்கப் போவதில்லை.

வெளியே மைக்செட் மருது வேப்பமரத்தில் ஏறி, நான்காவது குழாய் ஸ்பீக்கரை உசிலம்பட்டிப் பக்கம் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் இந்த வட்டாரத்தில் அவர்தான். எல்லாச் சாமிக்கும் ஒரே ஸ்பீக்கர்தான் பாப்பா என்பார். அவளைக் கண்டதும் இறங்கி வந்தார்.

"பாப்பா, ஒரு சங்கதி. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"போன வருசக் கூட்டத்த ஒங்கப்பா டேப்புல பதியச் சொன்னாருல்ல? அந்தக் கேசட்டு ஏங்கிட்டதான் கெடக்கு. நேத்து கோரிப்பாளையத்துல ஒரு கல்யாண வீட்டுல பாட்டுன்னு நெனச்சு அதத் தூக்கிப் போட்டுட்டேன். பிரியாணி தின்னுக்கிட்டு இருந்த ஆளுக அம்புட்டுப் பேரும் கைய எடுத்துட்டாங்க. மாப்பிள்ளைக்கு வேர்த்துப்போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் முதல் சிரிப்பு அது.

"அது கெடக்கட்டும். அதுல ஒரு புள்ள பேசுதே, அது யாரு?"

"எந்தப் புள்ள?"

மருது டேப் ரெக்கார்டரின் பொத்தானை அமுக்கினார். இரைச்சல். அப்பாவின் குரல், பிரசங்கத்துக்கென்று வைத்திருந்த பந்தல் தமிழில், நடுக்கத்தோடு: மில்காளே, எழுந்திரு! அதற்கடுத்து அவள் எழுந்த கட்டிலின் கிறீச். ஆனால் இரண்டுக்கும் இடையில், மைக்கின் மேலேயே வாயை வைத்தது போல மிகக் கிட்டத்தில், மண் அடைத்த மூக்கால் பேசுவது போல ஒரு சின்னக் குரல்.

வாரேன்பா.

"கூட்டத்துல ஏதாச்சும் புள்ளையா இருக்கும்" என்றாள்.

"கூட்டம் இருவதடி தள்ளியில்ல இருந்துச்சு? மைக்கு கட்டில் தலமாட்டுல." மருது தலையைச் சொறிந்தார். பிறகு வழக்கம் போலச் சிரித்தார். "பாத்துக்கங்க பாப்பா. ஒங்களுக்கு முந்தி ஒரு ஆளு பதில் சொல்லுது. ஒங்க எடத்துக்குப் போட்டி வந்துருச்சு."

அவர் மறுபடி மரத்தில் ஏறினார். அவள் தோட்டத்தைப் பார்த்தாள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் அந்த ஒற்றை எலுமிச்சை மரம். வாய்க்கால் தண்ணீர் அங்கே போவதில்லை. ஆனாலும் அதன் அடிமண் கறுத்து, ஈரமாகப் பொதபொதவென்று இருந்தது, யாரோ இப்போதுதான் கிளறிவிட்டது போல.

அம்மா ராகேல் பின்கட்டில் தையல் மிஷினுக்கு முன் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்கு மில்காவுக்கென்று வாங்கும் வெள்ளைத் துணியில் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் மீதி விழும். அதில் அம்மா ஒரு சின்னக் கவுன் தைப்பாள். பொம்மைக்கு என்று சிறுவயதில் மில்கா நினைத்திருந்தாள். அவளுக்கு யாரும் பொம்மை வாங்கிக் கொடுத்ததில்லை. இன்றும் அம்மா மடியில் அந்தக் கவுன் இருந்தது. கைக்கு எலாஸ்டிக் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னிக்கு நான் எந்திரிக்க மாட்டேன்."

எலாஸ்டிக் கோத்த கை நின்றது.

"மூணு தடவை கூப்பிடட்டும். முப்பது தடவை கூப்பிடட்டும். அம்புட்டுப் பேரும் பாக்கட்டும். அவரு வாய் ஓஞ்ச பெறகு, நானா எந்திரிச்சு, செருப்ப மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்குப் போறேன். சின்னான் அண்ணனுக்காச்சும் தெரியட்டும்."

"வெளாடாதடி." அம்மாவின் குரல் உள்ளே போயிருந்தது. "எப்பவும் போல மொதத் தடவையிலயே எந்திரிச்சிரு."

எப்பவும் போல. அதுவும் அந்த வீட்டின் கட்டளைதான். அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து, துப்பட்டிக்குள் கையை விட்டு, அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வாள். அப்பா முதல் தடவை கூப்பிட்டதுமே நகத்தால் அழுத்தி எழுப்பிவிடுவாள்.

"ஏன் மொதத் தடவை? அன்னிக்கு மூணாவது தடவைதான எந்திரிச்சேன்? ஊரே சொல்லுதே."

அம்மா ஊசியிலிருந்து நூலை உருவினாள். மறுபடி கோத்தாள். மறுபடி உருவினாள்.

"அவ எந்திரிக்கல" என்றாள்.

"எவ?"

"மில்கா."

முற்றத்தில் மருதுவின் "ஹலோ... ஒன், டூ, த்ரீ..." கேட்டது. அம்மா கவுனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். சமையல் கணக்குச் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"டாக்டர்ட்ட போவோம்னு அவரு கால்ல விழுந்தேன். கேக்கல. புள்ள போயிருச்சு. அதுக்குள்ள மூணாம் நாளு எழுப்புவேன்னு எல்லார்ட்டயும் சொல்லிப்புட்டாரு. சனம் வர ஆரம்பிச்சிருச்சு. மொத ராத்திரியே எலுமிச்ச மரத்தடியில பொதச்சாச்சு. அப்ப இங்க ரோடு போட்டுக்கிட்டு இருந்தாங்க. தார் காச்சுற கூட்டத்துல தாயில்லாப் புள்ள ஒண்ணு, அதே வயசு. அப்பன் குடிகாரன். ஒரு மூட நெல்லுக்குக் குடுத்துட்டான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டில்ல படுக்கப் போட்டு மூடுனோம். மூணாவது தடவை கூப்பிடுறப்ப எந்திரிச்சா முட்டாய் தாரேன்னு நான்தான் சொன்னேன். சொன்னபடியே எந்திரிச்ச."

"யாரும் கேக்கலியா?"

"புள்ள கறுத்துப்போச்சேன்னு ஒருத்தி கேட்டா. காச்சல்ல கறுத்துருச்சுன்னேன். அதுக்கு மேல ஒருத்தரும் கேக்கல."

கொதிக்கிற கறுப்பு ஏரி. தார் டின். கையும் காலும் கரி பிடித்த மனுஷர்கள். அதில் ஒருவன் அவளைப் பெற்றவன். அவனை நரகத்தில் நிறுத்தி, அவள் பன்னிரண்டு வருடம் மைக்கில் ஊர் ஊராகச் சாட்சி சொல்லியிருக்கிறாள்.

"ஏம் பேரு என்ன?"

"சோலை. சோலைன்னு கூப்பிட்டாங்க."

அவள் திரும்பினாள். அம்மா அவள் புடவையைப் பிடித்தாள்.

"இதையும் கேட்டுட்டுப் போ. நீ நாலாப்பு படிக்கயில ஒரு வருசம் கட்டில்லயே கண்ணசந்துட்ட. ரெண்டாவது தடவை கூப்பிட்டுத்தான் முழிச்ச. அதுக்குள்ள நான் ஒன் காலப் பிடிச்சு அழுத்திக்கிட்டே இருந்தேன். அழுத்துன காலு ஒன் காலு இல்லடி. ஐஸ் மாதிரி இருந்துச்சு. துப்பட்டிக்குள்ள நாலு காலு இருந்துச்சு." அம்மா புடவையை விடவில்லை. "வருசா வருசம் மைக்குல பேரச் சொல்லிக் கூப்பிடுறாரு. அவ பேரத்தான கூப்பிடுறாரு? நீ முந்திக்கிற. அம்புட்டுத்தான்."

அவள் புடவையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பயம் காட்டுகிறாள். இந்த வீட்டில் வேறு எதைக் காட்டி வளர்த்தார்கள்? சினிமா பார்த்தால் நரகம். பூ வைத்தால் நரகம். பொய் சொன்னால் அக்கினிக் கடல். இவர்கள் சொன்ன பொய்க்கு மட்டும் ஸ்தோத்திரக் கூட்டம். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க ஒரு பேய். அவ்வளவு கோபத்திலும் ஒன்றைக் கவனித்தாள். பேசி முடித்ததும் அம்மா அந்தச் சின்னக் கவுனை நீவி மடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு, எலுமிச்சை மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்தது பயம் மட்டும் இல்லை.

இருட்டுக் கட்டும் நேரத்தில், ஜெபவீட்டோடு சேர்த்துப் போட்ட பந்தல் நிறைந்துவிட்டது. திருமங்கலத்திலிருந்து லாரியில் வந்திருந்தார்கள். பழங்காநத்தத்திலிருந்து ஒரு பஸ் முழுக்க. குழந்தைகளை மடியில் போட்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த பெண்களின் வியர்வையும், மல்லிகை இல்லாத தலைகளின் தேங்காய் எண்ணெயும், ட்யூப்லைட்டில் மோதி விழும் ஈசல்களின் பொசுங்கலும், ஜெனரேட்டரின் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்து துப்பட்டிக்குள் இறங்கின. அவள் ஜெபவீட்டு மேடையில், சுவரோரக் கட்டிலில் மல்லாந்து, கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். துணியின் இழைகளுக்கு நடுவே வெளிச்சம் பொடியாகத் தெரிந்தது. முன்வரிசையில் ஒரு உருவம் குறுகி உட்கார்ந்திருந்தது: சின்னான். பக்கத்தில் அவர் மனைவி பாண்டியம்மாள், வெறும் மடியோடு.

இடுப்பில் பஸ்ஸுக்கான காசை முடிந்திருந்தாள். செருப்பு கட்டிலுக்கு அடியில். எல்லாம் சரியாக இருந்தது.

அப்பா பேச ஆரம்பித்தார். அவருடைய குரல் எப்போதும் தாழ்வாகத்தான் தொடங்கும். பிறந்தபோது தனக்கு வைத்த பெயர் தவசி என்பதிலிருந்து, ஆட்டுக்கிடையில் தனக்குக் கேட்ட சத்தத்திலிருந்து, அந்தக் காய்ச்சல் வந்த நாளுக்கு மெதுவாக வந்துசேரும். இன்று நடுவில் வேறு ஒன்றையும் சேர்த்தார்.

"நம் சகோதரன் சின்னான் பிள்ளையைப் பறிகொடுத்தார். ஏன்? கர்த்தரால் ஆகாததா? நான் சொல்லுகிறேன். அந்த வீட்டில் வண்டி கட்டினார்கள். கட்டின வண்டி அவிசுவாசம். அவிசுவாசம் உள்ளே வந்தது. பிள்ளை வெளியே போனது."

பந்தலில் ஒரு கேவல் எழுந்தது. பாண்டியம்மாள். அதற்கு மேல் சின்னானின் உடைந்த குரல்: "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"

துப்பட்டிக்கு அடியில் அவள் பல்லைக் கடித்தாள். தாடை வலித்தது. கூப்பிடு. நன்றாகக் கூப்பிடு.

கால்மாட்டில் அம்மாவின் கை உள்ளே நுழைந்து அவளது வலதுகால் கட்டைவிரலைப் பிடித்தது. உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"மில்காளே, எழுந்திரு!"

வேப்பமரத்திலிருந்து குரல் வயல்களைத் தாண்டி ஓடியது. நகம் அழுந்தியது. அவள் அசையவில்லை. நகம் இன்னும் அழுந்தியது. தோல் கிழிந்தது. அவள் அசையவில்லை.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. யாரோ இருமினார்கள். அப்பா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார், பலகை முனகியது. அவர் இன்னும் கவலைப்படவில்லை. அன்று மூன்று தடவை கூப்பிட்டதைத்தான் மகள் நினைவுபடுத்துகிறாள் என்று நினைத்திருப்பார். அவளுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது. சூடான, கெட்ட சந்தோஷம். அப்போது இடப்பக்கம், சுவரை ஒட்டி, கயிறு முறுகும் சத்தம் கேட்டது.

யாரும் உட்காரவில்லை. கயிறு மட்டும் இறங்கியது. சுமை கொஞ்சம்தான். சாக்கில் கால்வாசி மண்ணைக் கட்டிவைத்தது போல. கட்டிலின் சரிவில் அவள் உடம்பு தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது. இடது தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு குளிர் வந்து ஒட்டிக்கொண்டது. ஈர மண் வாசனை. கசங்கிய எலுமிச்சை இலை. அதற்கடியில் வேறு ஒரு வாசனை, இனிப்பாக, பழையதாக.

பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்க்கவில்லை.

அம்மாவின் கை அவள் விரலை விட்டது. துப்பட்டிக்குள் இடப்பக்கமாக ஊர்ந்து போனது. எதையோ தொட்டது. நின்றது. பிறகு அந்தக் கை, மிக மெதுவாக, தடவிக் கொடுக்க ஆரம்பித்தது.

"மில்காளே, எழுந்திரு!"

போதும். எழுந்துவிடலாம். எழுந்தாக வேண்டும். பஸ், ஆஸ்பத்திரி, கோபம் எதுவும் வேண்டாம், எழுந்தால் போதும். முதுகைத் தூக்கினாள். முதுகு வரவில்லை. கையை ஊன்றினாள். கை எங்கே என்று தெரியவில்லை. வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஒரு சின்ன உள்ளங்கை வந்து பொத்தியது. விரல் இடுக்கில் மண். நாக்கில் மண்.

மூச்சு விட்டாள். துப்பட்டி அசையவில்லை.

பெயர். அந்தப் பெயர் அவளுடையது இல்லை. அதனால்தான் அது அவளைத் தூக்கவில்லை. சோலை. யாராவது சோலை என்று கூப்பிட்டால் போதும். ஒரே ஒரு தடவை. தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் தலைமாட்டில். ஒருத்தி கால்மாட்டில்.

அம்மா.

அம்மா கூப்பிடு.

கூட்டத்தில் முணுமுணுப்பு. அப்பாவின் மூச்சு மைக்கில் இரைந்தது. இப்போது அவர் பயந்துவிட்டார். குரலில் பந்தல் தமிழ் போய்விட்டது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, நிஜமாகவே கெஞ்சினார்.

"மில்கா... எந்திரிடா தங்கம்..."

"வாரேன்பா."

நான்கு ஸ்பீக்கர்களிலும் அது கேட்டது. மருது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து "யாத்தே" என்றார்.

துப்பட்டி இடப்பக்கம் மேலே போனது. சின்னத் தலை. சின்னத் தோள். உட்கார்ந்தது. துணி வழுக்கி விழுந்தது. முடியில் வேர்கள் சிக்கியிருந்தன. அது கூட்டத்தைப் பார்த்தது. பிறகு திரும்பித் தன் தகப்பனைப் பார்த்தது.

ஒரு கணம் பந்தலில் ஈசல் விழும் சத்தம் மட்டும்.

அவருக்குத் தெரியும். தன் கையால்தான் புதைத்தார். அவருடைய உதடு கோணியது, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஓடிவிடுவார் என்று அவள் நினைத்தாள். உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை முகங்கள். காத்திருக்கும் முகங்கள்.

இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"அல்லேலூயா!"

"அல்லேலூயா!" கூட்டம் கதறியது. கஞ்சிரா அடித்தார்கள். சின்னான் மண்ணில் விழுந்து புரண்டார். அம்மா அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் சொருகியிருந்த சின்னக் கவுனை எடுத்தாள். தலை வழியாகப் போட்டாள். அளவு சரியாக இருந்தது.

அம்மா.

அம்மா குனிந்தாள். துப்பட்டியின் ஓரத்தை விலக்கினாள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் கன்னத்தில் விழுந்தது. அவளால் அதைத் துடைக்க முடியவில்லை. அம்மாவின் வாய் திறந்தது. ஒரு பெயரைச் சொல்லப் போவது போல, உதடு குவிந்தது.

மடியிலிருந்தது அம்மாவின் தாடையைத் தொட்டுத் திருப்பியது.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். துப்பட்டியை இழுத்து அவள் முகத்தை மூடினாள். நான்கு பக்கமும் சொருகினாள்.

பாட்டு. பிறகு லாரி கிளம்பும் சத்தம். பிறகு ஜெனரேட்டர் நின்றது. பிறகு எலுமிச்சை மரத்தடியில் மண்வெட்டிச் சத்தம்.

1982-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி, திங்கட்கிழமை, ஸ்தோத்திரக் கூட்டம் அதே இடத்தில் நடந்தது. மருது வர மறுத்துவிட்டதால் உசிலம்பட்டியிலிருந்து வேறு ஆள் வந்து மைக் கட்டினார். பாஸ்டரின் மகளுக்கு வயது ஐந்து இருக்கும். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. சாட்சி சொல்ல மைக் எட்டவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள்.